சின்னக் கைகளுக்கும் வேலை வேண்டும்

மழலைகளைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்துவது தகுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு மரியா மாண்டிசோரியின் நினைவே வருகிறது. இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1959இல். அவரோ 1952இலேயே மறைந்துவிட்டார். ஆயினும், பெற்றோர் உழைக்கும் நேரத்தில் குழந்தை என்ன செய்யும் என்ற கேள்வியிலிருந்துதான் அவருடைய கல்விப்பணி மலர்ந்தது.

1870இல் இத்தாலியில் பிறந்த மாண்டிசோரி, 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் பயில்வதே அரிதாக இருந்த காலம் அது. ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியான சான் லொரென்சோவில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் குடியிருப்பின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். கட்டட உரிமையாளர்கள் அவர்களைக் கவனித்துக்கொள்ள ஓர் ஏற்பாட்டை நாடினர். அதை மாண்டிசோரி ஏற்றார். 1907 ஜனவரி 6 அன்று அவருடைய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ அங்கே பிறந்தது.

அங்கு அவர் கண்டது வியப்பானது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்ற குழந்தைகளைச் சுற்றிநின்று பாடச் சொன்னார். நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது முறைக்குமேல் அதையே செய்து முடித்து, களைப்பின்றி எழுந்தாள். கைக்கு ஏற்ற வேலை கிடைத்தால் மழலையின் மனம் தானே நிலைகொள்ளும் என்பதை மாண்டிசோரி அன்று உணர்ந்தார்.

எங்கள் கடையநல்லூருக்கும் அந்தக் குடியிருப்புக்கும் தொலைவு அதிகமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தந்தை வளைகுடா நாட்டில் இருக்க, பீடி சுற்றியபடி வீட்டையும் பார்த்துக்கொள்ளும் தாய்மார் இங்கே பலர். அன்றைய எண்ணிக்கையை முடிக்கவேண்டிய தாய், குழந்தைக்காகத் தொலைக்காட்சியைப் போடுவதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாண்டிசோரிக்கே அந்த வலி தெரியும். மணமாகாத நிலையில் 1898இல் பிறந்த மகன் மரியோவை அவரால் உடன்வைத்து வளர்க்க இயலவில்லை. நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்த மகன், பதின்பருவத்தில்தான் தாயிடம் வந்துசேர்ந்தார்.

அந்த மகனோடுதான் 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டவர் என்று மரியோவை ஆங்கில அரசு சிறைவைத்தது. தாயின் 70ஆவது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி, 1946இல் ஐரோப்பா திரும்பினார். அவர் இந்தியாவில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான ‘உள்வாங்கும் மனம்’ என்ற நூல் 1949இல் சென்னையிலேயே வெளிவந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தை சுற்றுப்புறத்தை எடை போட்டுப் பார்ப்பதில்லை. அனைத்தையும் அப்படியே உள்வாங்கிக்கொள்கிறது என்பது அதன் சாரம். மழலையின் எதிரே எந்நேரமும் ஒளிரும் திரையைப் பற்றி நாம் அஞ்சவேண்டிய காரணமும் இதுவே.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த வரையறை தெளிவானது. இரண்டு வயது நிரம்பும்வரை திரை வேண்டாம். அதன்பின் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது. அந்த ஒரு மணி நேரத்தைத் தாய்க்கு மிக நெருக்கடியான வேளைக்கென ஒதுக்கலாம். எஞ்சிய பொழுதில், கிண்ணங்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கவும், வெங்காயத்தைக் கூடையில் எடுத்துப் போடவும், சிறு துணிகளை மடிக்கவும் பழக்கலாம். இவற்றுக்குக் காசு தேவையில்லை. தொடக்கத்தில் சற்றுப் பொறுமை போதும். வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியும், விடுமுறையில் வரும் தந்தையும் தோள்கொடுத்தால் தாயின் சுமை குறையும். தொலைக்காட்சியும் தன் அளவில் நிற்கும்.