ஹரி மார்ஷல் வார்ட்: கோப்பி இலை நோயும் நாம் கற்கும் பங்கசுக்களும்



பங்கசுக்கள், இலையின் அமைப்பு, ஒளித்தொகுப்பு, ஒட்டுண்ணி வாழ்வு ஆகிய பகுதிகளை நீங்கள் தனித்தனியே படித்து முடித்திருப்பீர்கள். பரீட்சை நெருங்கும்போது இவை ஒன்றோடொன்று கலந்து குழப்பம் தருவதுண்டு. இப்பகுதிகள் யாவும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் ஒன்றுசேர்கின்றன. அவர் ஆராய்ந்த நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இடம் பதுளை மாவட்டத்திலுள்ள மடுல்சீமை. ஆகவே இந்த வாழ்க்கை வரலாற்றை ஒரு கதையாகவும் வாசியுங்கள். மீட்டற் பாடமாகவும் வாசியுங்கள்.

1. இளமையும் கல்வியும்

ஹரி மார்ஷல் வார்ட் 1854 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் ஹெரபோர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் ஓர் இசைக் கலைஞர். வார்ட் இலண்டனில் விஞ்ஞானம் கற்றபோது புகழ்பெற்ற உயிரியலாளர் ஹக்ஸ்லியின் வகுப்புகளில் பயின்றார். 1876 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து, 1879 இல் முதல் வகுப்பில் சித்தியெய்தினார். அதன்பின் ஜேர்மனிக்குச் சென்று, தாவர உடற்றொழிலியலில் பெயர்பெற்ற சாக்ஸ் என்பவரின் ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்றார். தாவரத்தைக் கண்ணால் பார்த்து விவரிப்பதோடு நின்றுவிடாமல், பரிசோதனை செய்து அறியவேண்டும் என்னும் பழக்கம் அவருக்கு இக்காலத்திலேயே வந்துவிட்டது.

2. மடுல்சீமையில் தோன்றிய நோய்

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். இன்று நீங்கள் காணும் தேயிலை மலைகளில் அன்று நின்றவை கோப்பிச் செடிகள். 1870 களின் இறுதியில் இலங்கையில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. காடுகளை வெட்டி, மலைக்கு மலை ஒரே வகைச் செடியையே நட்டிருந்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே கால்நடையாக வந்த தொழிலாளர்களே அந்தத் தோட்டங்களின் உழைப்பாளிகள்.

1869 ஆம் ஆண்டு மடுல்சீமையில் ஒரு தோட்டத்தின் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு நிபுணர் பேர்க்லிக்கு அனுப்பினார். அந்தத் தூள் ஒரு புதிய பங்கசின் வித்திகள் என்று பேர்க்லி அறிந்தார். அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்டது. வித்தியின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் இருப்பதால் பாதி வழவழப்பானது என்ற பொருளில் சாதிப் பெயரும், அழிவு செய்வது என்ற பொருளில் இனப் பெயரும் அமைந்தன. இருசொற் பெயரீட்டில் முதலாவது சாதிப் பெயர், இரண்டாவது இனப் பெயர் என்பதை இவ்விடத்தில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்குள் நோய் எல்லாக் கோப்பி மாவட்டங்களுக்கும் பரவியது. இலைகள் காலத்துக்கு முன்பே உதிர்ந்தன. இலை உதிர்ந்தால் ஒளித்தொகுப்பு குறையும், உணவு உற்பத்தி குறையும், காய்கள் முற்றா. ஒரு செடி இப்படி ஆண்டுதோறும் இலைகளை இழந்தால் அதன் விளைச்சல் என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

3. பேராதனையில் ஓர் இளைஞர்

நோயின் காரணத்தை ஆராய்வதற்காக 1880 இல் வார்ட் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது சுமார் 26. பேராதனையைத் தளமாகக் கொண்டு சுமார் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார்.

அன்று பலரும் பலவிதமாகப் பேசினர். மண் வளம் குன்றியது காரணம் என்றனர் சிலர். காலநிலை கெட்டது என்றனர் வேறு சிலர். வார்ட் இந்தக் கருத்துகளை உடனே ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் வித்தியை வைத்து, அதன் வாழ்க்கை வட்டத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பின்தொடர்ந்தார்.

4. அவர் கண்டறிந்தவை

முதலாவது, நீர் இருந்தால்தான் வித்தி முளைக்கும். ஆரோக்கியமான இலையில் வித்திகளை இட்டு, ஈரத்துடன் வைத்து அவதானித்தபோது, வித்தியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வளர்ந்தது. மழைக்காலத்தில் நோய் கூடுவதன் காரணம் இதிலிருந்து தெளிவாகிறது.

இரண்டாவது, அந்தக் குழாய் இலைவாயினூடாகவே உள்ளே செல்கிறது. கோப்பி இலையின் இலைவாய்கள் அடிப்பக்கத்திலேயே உள்ளன. நோய்ப் பொட்டுகள் அடிப்பக்கத்தில் தூளுடன் தோன்றுவதையும் இதனோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். காபனீரொட்சைட்டு உட்செல்லவும் நீராவி வெளியேறவும் தாவரம் திறந்துவைத்திருக்கும் அதே வாசல்தான் பகைவனுக்கும் வாசலாகிறது.

மூன்றாவது, உட்சென்ற பங்கசு இழைகள் கலங்களுக்கு இடையேயுள்ள வெளிகளில் பரவி, உயிருள்ள கலங்களிலிருந்து உணவை உறிஞ்சுகின்றன. பங்கசுக்கு ஆயத்த உணவு கிடைக்கிறது. கோப்பிச் செடிக்குத் தீங்கு மட்டுமே கிடைக்கிறது. இதுவே ஒட்டுண்ணி வாழ்வு. இங்கு கோப்பிச் செடி விருந்துவழங்கி.

நான்காவது, தொற்று ஏற்பட்டுச் சுமார் இரண்டு வாரங்களின் பின்னரே மஞ்சட் பொட்டு வெளியே தெரிகிறது. அதாவது, கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இலை ஏற்கெனவே நோயுற்றதாக இருக்கலாம்.

ஐந்தாவது, வித்திகளைக் காற்று காவிச் செல்கிறது. இதை நிறுவ அவர் செய்த பரிசோதனை மிக எளியது. கிளிசரின் பூசிய கண்ணாடி வழுக்கிகளைத் தோட்டங்களில் வைத்தார். பின்னர் அவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, ஒட்டியிருந்த வித்திகளைக் கண்டார். பருவக்காற்றோடு நோய் ஏன் மலைதாண்டிச் செல்கிறது என்பதற்கு இது விடையாயிற்று. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, சரியான கேள்வி ஒன்றைக் கேட்டதனால் கிடைத்த விடை இது.

5. மருந்து கேட்ட துரைமார்

தோட்டத் துரைமார் வார்ட்டிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்து. கந்தகமும் சுண்ணாம்பும் தூவும் முறைகள் ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டிருந்தன. அவர் சொன்னதோ வேறு. இலைக்குள் புகுந்துவிட்ட பங்கசை வெளியிலிருந்து தூவும் மருந்தால் அழிக்க முடியாது. வித்தி முளைக்குமுன் இலையைப் பாதுகாத்தால்தான் பயன் உண்டு. மலை முழுவதும் ஒரே பயிரை நெருக்கமாக நட்டிருப்பதே வித்திகளுக்குப் பெரும் வசதி என்பதையும் அவர் காட்டினார். ஒரு செடியில் உண்டாகும் வித்திக்கு அடுத்த உணவு பக்கத்துச் செடியிலேயே காத்திருக்கிறது அல்லவா?

இந்த விடை பலருக்கு ஏமாற்றமளித்தது. வார்ட் நினைத்திருந்தால் ஏதாவது ஒரு தூளைச் சிபாரிசு செய்து நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பரிசோதனை காட்டியதையே அறிக்கையில் எழுதினார். இலையைப் பாதுகாக்கும் செம்புக் கலவை பிரான்சில் 1885 இல் வெளியிடப்பட்டது. அதற்குள் இலங்கைக் கோப்பியின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கைவிடப்பட்ட தோட்டங்களில் உழைத்தவர்கள் சம்பளப் பாக்கியையும் இழந்து தவித்தனர். துரைமார் சிலகாலம் சிங்கோனா பயிரிட்டுப் பார்த்து, பின்னர் தேயிலைக்கு மாறினர். 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை, இப்போது மலைநாடெங்கும் பரவியது. கோப்பி பறிப்பது பருவகால வேலை. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் கிள்ளப்பட வேண்டியது. ஆகவே தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகக் குடியேறின. பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் இன்று இந்நூலை வாசிக்கும் உங்களில் பலர் அக்குடும்பங்களின் பிள்ளைகள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தி உங்கள் பாட்டன் பூட்டன்மாரின் வாழ்க்கையைத் திசைமாற்றியது என்பதை எண்ணிப் பாருங்கள். பங்கசுக்கள் என்னும் அலகு வெறும் புள்ளிகளுக்காகப் படிக்கவேண்டியது அன்று.

6. பிற்கால வாழ்க்கை

இங்கிலாந்து திரும்பிய வார்ட் மான்செஸ்டரில் கற்பித்தார். 1885 இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியரானார். அவரைக்கும் அதன் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் நுண்ணங்கிகளுக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்து 1887 இல் வெளியிட்டார். தேயிலைக்கு நிழலாகவும் பசளையாகவும் நடப்படும் கிளிரிசிடியாவின் வேரிலும் இத்தகைய சிறுகணுக்கள் உண்டு. இது ஒன்றுக்கொன்று உதவும் வாழ்வு. கோப்பித் துருவின் வாழ்வுக்கு நேர்மாறானது.

1888 இல் அவர் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1895 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியரானார். அங்கு தாவரவியலுக்கெனப் புதிய கட்டடம் 1904 இல் திறக்கப்பட்டது. 1906 ஓகஸ்ட் 26 இல், 52 ஆவது வயதில் அவர் காலமானார். அவருடைய மகன் பிராங் கிங்டன் வார்ட் திபெத்து, பர்மா, அசாம் மலைகளில் தாவரங்களைத் தேடிப் புகழ்பெற்றார்.

7. இன்று நம் தோட்டங்களில்

கோப்பித் துரு 1970 இல் பிரேசிலில் கண்டறியப்பட்டது. 2012 ஐ அடுத்து மத்திய அமெரிக்க நாடுகளைக் கடுமையாகத் தாக்கியது. நம் தேயிலையையும் ஒரு பங்கசு விட்டுவைக்கவில்லை. 1946 இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய், மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்களில் இளங்கொழுந்தைத் தாக்குகிறது. அதன் வித்திகளும் காற்றினாலேயே பரவுகின்றன. ஆனால் இம்முறை விஞ்ஞானிகளிடம் செம்பு மருந்து இருந்தது. முன்கூட்டியே தெளிக்கவேண்டும் என்னும் அறிவும் இருந்தது. தேயிலை பிழைத்தது.

8. பரீட்சைக்கான மீட்டல்

பின்வரும் தவறுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

• பங்கசு தாவரம் அன்று. அதற்குப் பச்சையம் இல்லை. ஆகவே ஒளித்தொகுப்புச் செய்யாது.
• வித்தி வேறு, வித்து வேறு. வித்தினுள் முளையம் உண்டு. வித்தியில் முளையம் இல்லை.
• அவதானத்தையும் முடிபையும் கலந்து எழுதாதீர்கள். வழுக்கியில் வித்திகள் ஒட்டியிருந்தன என்பது அவதானம். வித்திகள் காற்றினால் பரவுகின்றன என்பது முடிபு.
• இலைவாயின் தொழிலை எழுதும்போது வாயுப் பரிமாற்றம், ஆவியுயிர்ப்பு இரண்டையும் குறிப்பிடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

(1) கோப்பி இலைத்துரு நோய் மழைக்காலத்தில் கூடுவதற்கு இரண்டு காரணங்கள் தருக.
(2) நோயுற்ற செடியின் விளைச்சல் குறைவதை ஒளித்தொகுப்புடன் தொடர்புபடுத்தி விளக்குக.
(3) ஒரே பயிரைப் பெருநிலத்தில் பயிரிடுவதால் நோய் விரைவாகப் பரவுவது ஏன்?
(4) ஒரு தேயிலைத் தோட்டத்தின் காற்றில் பங்கசு வித்திகள் உள்ளனவா என்று அறிய நீங்கள் செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஒன்றை விவரிக்க. ஒப்பீட்டுக்காக எதை வைப்பீர்கள்?

நான்காவது வினாவுக்கு விடை எழுதுமுன் வெளியே சென்று ஒரு கொழுந்தைக் கையிலெடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வார்ட்டின் ஆராய்ச்சியும் ஓர் இலையின் அடிப்பக்கத்திலேதான் தொடங்கியது.