ஏழாண்டுப் பொறுமை

தமிழ்நாட்டின் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்ற அவர், 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டில் சேலம் இராமசாமி முதலியார் என்ற நீதிபதியைச் சந்தித்தார். தாம் படித்த நூல்களை வரிசையாகக் கூறினார். முதலியாரோ, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை என்பதை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

முதலியார் கொடுத்த பிரதியைப் படித்தபோது பல இடங்கள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியம். எனவே, கும்பகோணத்திலிருந்த சமணர்களை நாடி, ஆசிரியரான அவர் மாணவரைப்போல் கேட்டுத் தெளிந்தார். ஓலைச்சுவடிகளில் எழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. ஒரு சுவடியில் இருந்த சொல் மற்றொன்றில் வேறாக இருந்தது. அவசரப்பட்டு அச்சிட்டால் பிழைகளும் பரவிவிடும். ஆகவே, மேலும் பல சுவடிகளைத் தேடிப் பெற்று, வரிவரியாக ஒப்பிட்டார். 1887ஆம் ஆண்டுதான் நூல் வெளிவந்தது.

அந்த ஏழாண்டு உழைப்பு அவரையும் வளர்த்தது. சிந்தாமணியின் பழைய உரையில், தாம் அறியாத நூல்களின் அடிகள் பல இருப்பதைக் கண்டார். அந்நூல்களையும் தேடத் தொடங்கினார். பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் மணிமேகலை 1898இலும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன.

1942ஆம் ஆண்டு மறையும்வரை அவர் தமிழ்ப்பணியைக் கைவிடவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஓர் இளைஞர், பொறுமையோடு கற்றதால் ‘தமிழ்த் தாத்தா’வாக உயர்ந்தார்.