தூக்குமேடை ஏறிய தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி

தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி, சிறு வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்து அங்கேயே கல்வி கற்றார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

போர் முடிந்தபோது தோட்டங்களில் அரிசித் தட்டுப்பாடு, சம்பளமோ சொற்பம். கணபதி தொழிற்சங்கப் பணியில் இறங்கினார். தோட்டம், துறைமுகம், ஈயச் சுரங்கம் எனப் பல துறைகளின் சங்கங்களையும், தமிழர், சீனர் என எல்லா இனத்தவரையும் ஒரே குடையின் கீழ் இணைத்த அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்திற்கு அவர் தலைவரானார். அதில் மலாயா கம்யூனிஸ்டு கட்சியின் செல்வாக்கு வலுவாக இருந்தது. இது ஆங்கிலேய அரசின் கண்ணை உறுத்தியது.

அரசின் கையில் இருந்த ஆயுதம் பதிவுச் சட்டம். 1940-இல் இயற்றப்பட்டு, போருக்குப் பின் நடைமுறைக்கு வந்த அச்சட்டப்படி, ஒவ்வொரு சங்கமும் பதிவதிகாரியிடம் பதிவு பெற வேண்டும். பதிவு இல்லையேல் சங்கமும் இல்லை. 1948-இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ஒரே தொழிலைச் சார்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனம் அமைக்கலாம். செயலாளர் தவிர்த்த பொறுப்பாளர்களுக்கு அத்தொழிலில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் தேவை. சில குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள் பொறுப்பு வகிக்க முடியாது. பல துறைகளை இணைத்த சம்மேளனம் இந்த வரையறைக்குள் அடங்கவே முடியாது. அவ்வாண்டு ஜூன் மாதம் அது சட்டவிரோதமானது. அதே மாதம் அவசரகாலமும் பிறந்தது.

தலைமறைவான கணபதி, 1949 மார்ச் மாதம் ரவாங் அருகே கைதானார். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. இந்திய அரசு அவர் உயிரைக் காக்க முயன்றும் பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் மறைந்தாலும் அந்தச் சட்டத்தின் நிழல் மறையவில்லை. பல துறைச் சங்கங்களை இணைக்கும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், தொழிற்சங்கச் சட்டத்தில் இடமின்றி, சங்கங்கள் சட்டத்தின் கீழ்தான் பதிவு பெற்றது. ஒரு சங்கம் ஒரு துறைக்குள்தான் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது 2024-இல்தான். கணபதி தூக்கிலிடப்பட்டு அதற்குள் 75 ஆண்டுகள் ஓடிவிட்டன.