யாழைத் தேடிய அடிகள்

யாழ் என்னுஞ் சொல்லை அறியாத தமிழர் இலர். ஆயினும், அதனைக் கையிலெடுத்து மீட்டி வாழ்ந்த பாணர் மரபு மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. யாழ்ப்பாணம் என ஒரு நகரம் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பள்ளியிலே சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியன், மாணாக்கர் கேட்டால், கரும்பலகையில் வில்லைப்போல ஒன்றை வரைந்து நாலைந்து கோடுகளை இழுத்துக் காட்டி மேலே சென்றுவிடுவான். அக்கோடுகள் ஏழா, பதினான்கா, இருபத்தொன்றா என்று எவரும் அவனைத் தடுத்துக் கேட்பதில்லை. இச்சிறு வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொண்டு, ஏறக்குறைய 14 ஆண்டுகள் அதற்கு விடைதேடி, விடையை நூலாக்கி அரங்கேற்றிய ஆறு வாரத்தில் உயிர்நீத்தவர் ஒருவர் நம் ஈழநாட்டில் இருந்தார். அவரே விபுலாநந்த அடிகள்.

பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பெருஞ்சாலை நம் ஊவா மலைகளைக் கீழ்க்கரையோடு இணைப்பது. அக்கரையிலே, கல்முனைக்குத் தெற்கே உள்ள காரைதீவில், 1892 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அவ்வாண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு முதன்முதலாக அச்சேற்றினார். பிள்ளையும் நூலும் ஒரே ஆண்டில் உலகைக் கண்டமை தற்செயலே; எனினும் இவ்விரண்டும் பின்னர்க் கூடியபோது விளைந்ததை நோக்குவார்க்கு அதனைச் சொல்லாது விட மனம் வருவதில்லை.

இளமைக் கல்வியை விரைந்து சொல்லிவிடலாம். கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறினார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் கருதத்தக்கது. அவ்வாண்டிலே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்துக்கான சான்றிதழைப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் வெற்றி கண்டவர் அவரே. இரண்டும் ஒருவருக்கு எதற்கு என்று அக்காலத்தார் எண்ணியிருக்கலாம். நம் காலத்தாரும் அவ்வாறே எண்ணுகின்றனர். தமிழ் கற்பவனுக்குக் கணிதம் வேண்டா, கணிதம் கற்பவனுக்குத் தமிழ் வேண்டா என்று மாணாக்கரைப் பிரித்து அனுப்புகின்றோம். யாழ் நூலைத் திறந்து பார்ப்பவர் இப்பிரிவினையின் வறுமையை உணர்வர்.

யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். உயர்ந்த பதவி, ஊரார் மதிப்பு, வருவாய் யாவும் கைவந்திருந்த வேளையில், 1922 இல், அவற்றை விடுத்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையிலே, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்மாணாக்கராகிய சிவாநந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். ஹாலிஎலையைக் கடந்து பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்த ஆண்டும் அதுவே. நாடு திரும்பியபின் மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலே மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். கல்லடி உப்போடையிலே 1929 இல் எழுந்த சிவாநந்த வித்தியாலயம் அவர் கைவண்ணம்.

யாழின் தொடர்பு முறையாகத் தொடங்கியது சிதம்பரத்திலே. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பாரதியாரின் பாடல்களைப் புலவர் அவையிலே நிமிர்த்தி வைத்த பணியும் அக்காலத்தது. அங்கு இருந்தது இரண்டாண்டே. ஆயினும், இசைக் கல்லூரியும் தமிழ்த் துறையும் அருகருகே இருந்த அவ்விடத்தில், பண்டிதர்கள் பொருள் சொல்லிக் கடந்து செல்லும் ஒரு பகுதியில் அவர் நின்றுவிட்டார். சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே யாழாசிரியனின் அமைதி கூறும் 25 அடிகளே அப்பகுதி. பின்னர் அவர் எழுதிய யாழ் நூல் முழுவதையும் அவ்வடிகளுக்கு ஒரு விரிவுரை என்றே அவர் கருதினார்.

இடர் யாதெனின், யாழ் ஒன்றன்று. அடியார்க்குநல்லார் நால்வகை கூறுவர்: பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. சிலவற்றுக்கு வேறு எண் கூறுவாரும் உளர். சங்க நூல்களிலோ பேரியாழ், சீறியாழ் என்னும் இரண்டே பெரிதும் பயில்கின்றன. இவற்றுக்கும் முற்பட்டதாக, குமிழங் கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி ஆயன் மீட்டிய வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. பத்தர், கோடு, போர்வை, திவவு என உறுப்புகளின் பெயர்கள் ஆற்றுப்படை நூல்களிலே நிறைந்து கிடக்கின்றன. கருவிதான் இல்லை. உரையாசிரியர் பெயர் சுட்டும் இசைநூல்களும் அன்று கைக்கு எட்டவில்லை. அவற்றுள் ஒன்றாகிய பஞ்சமரபு அச்சில் வந்ததே 1970களில், அடிகள் மறைந்து பல்லாண்டு சென்றபின். வீணையே பழைய யாழ் என்று சொல்லி அமைந்தோரும் இருந்தனர். இந்நிலையில் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது?

ஈண்டு ஒரு சிறு விலகல் செய்ய வாசகர் பொறுத்தல் வேண்டும். எங்கள் ஹாலிஎலப் பகுதியிலே ஆலயத் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வரும் இசைக்குழுக்களில், தடித்த நான்கு கம்பிகளோடு பேஸ் கித்தார் ஒன்று மேடையோரத்தில் நிற்கும். அதனை மீட்டும் இளைஞர், பழைய கித்தார்களுள் ஒரு பிக்கப் உள்ளது நல்லதா, இரண்டு உள்ளது நல்லதா என்று வாதாடுவதைக் கேட்டிருக்கின்றேன். தொடக்கத்தில் இது வீண் வாதம் என்றே தோன்றும், அன்று. அமெரிக்காவிலே கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர் என்பார் 1951 இல் பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டார். கம்பியின் அதிர்வைப் பற்றி மின்னோட்டமாக்கும் காந்தச் சுருள் அதில் ஒன்றே இருந்தது. 1957 இல் அதனை இரு கூறாகப் பிரித்து அமைத்தார். 1960 இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு சுருள்கள், ஒன்று கழுத்தின் பக்கமாக, மற்றது பாலத்தின் அருகாக. கம்பி ஒன்றே, ஆயினும் அது பரந்து அதிரும் நடுப்பகுதிக்கு அண்மையிலே கேட்டால் ஒலி ஆழ்ந்து திரண்டு வரும், பாலத்தின் அருகிலே கேட்டால் கூர்த்து ஒலிக்கும். எனவே எது சிறந்தது என்னும் வினாவுக்கு, எப்பாட்டுக்கு என்ற எதிர்வினாவே முதல் விடை.

அடிகள் கேட்டதும் அதுவே. பெருமையால் 21 நரம்புப் பேரியாழை எடுத்துத் தமிழரின் யாழ் இதுவென்று நாட்டியிருக்கலாம், கேட்போர் மகிழ்ந்திருப்பர். அவர் அது செய்யவில்லை. மாதவி அரங்கேறிய அன்று எந்தப் பாட்டுக்கு, எந்த மிடற்றுக்கு யாழ் இசைந்து நின்றது என்பதை முதலில் ஆராய்ந்தார். அங்கே கூறப்பட்டது 14 நரம்புகள். மெலிவுத் தானத்திலே உழை, இளி, விளரி, தாரம் என நான்கு; சமன் தானத்திலே ஏழு; வலிவுத் தானத்திலே குரல், துத்தம், கைக்கிளை என மூன்று. பாடுவோர் தம் மிடறு வருந்தாமல் கீழிறங்கி மேலேறக்கூடிய எல்லை ஏறத்தாழ இதுவே என்பதைப் பாடிப் பார்ப்பவர் தாமே அறிவர். கருவியை ஆக்கியோர் நரம்பை எண்ணத் தொடங்கும்முன் மனிதக் குரலை அளந்துள்ளனர் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்தது அளவு. ஆயப்பாலையிலே குரலுக்கு 4 அலகு, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2, ஆக 22 என்பது உரைவழி வந்த கணக்கு. 1917 இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தம் ஆய்வின்படி 24 என்றார். பண்டிதரின் உழைப்பு மலைபோன்றது. தமிழிசை ஆராய்ச்சிக்கு வாயில் திறந்தவர் அவர். அடிகள் அவ்வாயிலினூடே புகுந்து, 22 என்ற பழங்கணக்கின் பக்கம் நின்றார். நின்றதற்குக் காரணம் மரபின்மீது கொண்ட பற்று மட்டுமன்று. ஒரு நரம்பைப் பாதியாக்கினால் மேல்தானத்துக் குரல் பிறக்கும். மூன்றில் இரண்டு கூறாக்கினால் இளி பிறக்கும். நான்கில் மூன்று கூறாக்கினால் உழை. இளியிலிருந்து அதன் இளிக்கும், அதிலிருந்து மற்றோர் இளிக்குமாகப் பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு தானம் கடந்து தொடங்கிய குரலிலே வந்து சேரவேண்டும். ஆனால் சேர்வதில்லை, ஒரு சிறிது மிகுந்து நிற்கும். உலகத்து இசைக் கணக்கர் யாவரையும் இச்சிறு மிகுதியே வருத்தியது. பெளதிகம் படித்த துறவிக்கு இது புதிதன்று. நரம்பு பன்னிரு இராசி வீட்டிலும் நிற்கும் முறையை உரையாசிரியர் சொல்லிச் சென்ற இடங்களிலே, வெறுஞ் சோதிடச் சொற்களெனப் பிறர் கண்டவற்றுள் அவர் எண்களைக் கண்டார்.

சிற்பங்களையும் அவர் விடவில்லை. அமராவதிக் கல்லிலே வளைந்த கோட்டோடு செதுக்கப்பட்ட கருவி, வீணை யாழன்று என்பதற்குக் கண்கண்ட சான்றாயிற்று. வீணையிலே ஒரு தந்தி மெட்டுகளின்மேல் அழுந்திப் பல சுரங்களைத் தரும். யாழிலே ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஒரு சுரத்தையே சொல்லும். திருஞானசம்பந்தர் பாடிய யாழ்முரிப் பதிகத்தைத் தம் யாழிலே அடக்கமாட்டாது திருநீலகண்ட யாழ்ப்பாணர் அக்கருவியை உடைக்க ஓங்கினார் என்னும் வரலாற்றை நாம் பக்தியோடு படிக்கின்றோம். கட்டிய நரம்புக்கு இடையிலே நின்று அசையும் சுரத்தைத் திறந்த நரம்பு எவ்வாறு காட்டும்? யாழ் வழக்கொழிந்து வீணை தழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும் என்பது என் துணிபு.

இவ்வாராய்ச்சி ஓரிடத்திலிருந்து செய்யப்பட்டதன்று. 1936 இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1939 இல் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்துக்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். பாடசாலைக் கணக்கு, அச்சுத்தாள், பல்கலைக்கழகப் பாடம் இவற்றினிடையே யாழ் அவரோடு கூடவே பயணம் செய்தது. உடல்நலமோ குன்றத் தொடங்கிற்று. ஓய்வெடுத்து நீண்டநாள் வாழ்வதா, நூலை முடிப்பதா என்னும் நிலை வந்தபோது அவர் எதனைத் தேர்ந்தார் என்பதற்கு யாழ் நூலே சான்று. பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் அது நிறைவுற்றது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் நூல் வெளிவந்தது. கோனூர் சமீன்தார் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி புரிந்தார். அரங்கேற்றம் 1947 ஆம் ஆண்டு யூன் 5, 6 ஆம் நாள்களிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நிகழ்ந்தது. ஆற்றிலே வெள்ளம் பெருகி ஓடக்காரர் அஞ்சி நின்றபோது, சம்பந்தர் பதிகம் பாட ஓடம் தானே கரைசேர்ந்தது என்று போற்றப்படும் தலம் அது. புலவரும் இசைவாணரும் புடைசூழ அடிகளை அழைத்துவந்த ஊர்வலத்தில், அவர் ஆராய்ந்து அமைத்த முளரியாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்தண்டி வீணை என்பனவற்றை ஏந்திச் சென்றனர். தாளிலே எழுதிய கணக்கு மெய்யானால் நரம்பிலே ஒலிக்கவேண்டும் என்பது விஞ்ஞான ஆசிரியரின் கொள்கை. அவ்வண்ணமே யாழ் அவையிலே மீட்டப்பட்டது. அதனைக் கேட்டோர் பேறுபெற்றோர். நாம் ஏட்டிலே படித்து அமைகின்றோம்.

ஈழம் திரும்பிய அடிகள் 1947 யூலை 19 ஆம் நாள் கொழும்பிலே மறைந்தார். வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்று, அவர் வளர்த்த சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்தனர். யாழ் நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவர 1974 ஆம் ஆண்டு வரை தமிழுலகம் காத்திருந்தது. புகழ்ந்து பேசுவோர் பலராகவும் படிப்போர் சிலராகவும் உள்ள நூல் அது. எண்களைக் கண்டு தமிழாசிரியர் அஞ்சுவர், செய்யுளைக் கண்டு இசையாசிரியர் அஞ்சுவர்.

அண்மைக் காலத்திலே சென்னையில் இளைஞர் சிலர் மரத்தைக் குடைந்து, தோல் போர்த்து, யாழை மீண்டும் செய்து மீட்டத் தொடங்கியுள்ளனர். அவர்களும் உளியை எடுக்குமுன் நரம்பு எத்தனை என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஏழிலே தொடங்கியிருக்கின்றனர்.