கல்வித் தானத்தில் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் அறநூல்கள் இல்லறத்தார்க்கு விதித்துள்ளன. இவற்றுள் உணவும் மருந்தும் அளிப்போர் எக்காலத்தும் உளர். சாஸ்திர தானத்தை நம் முன்னோர் சுவடிகளைப் படியெடுத்து வழங்குவதன் வாயிலாகப் போற்றினர். எழுத்தறியாத ஒரு நாட்டுப்புறம் முழுமைக்கும் எழுத்தறிவு அளிப்பதும் அத்தானத்தின் பாற்பட்டதே என்று வாழ்ந்து காட்டிய ஒரு பெரியார் மராட்டிய நாட்டில் இருந்தார். திகம்பர ஜைனக் குடும்பத்தில் தோன்றிய அவரே கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் ஆவார். மராட்டியத்தில் அவர் பெயரை அறியாத சிற்றூர் இல்லை. தமிழ்ச் சமணராகிய நம்மிடையே அவர் வரலாறு அத்துணை பரவவில்லை. ஆதலின் அதனை இங்குச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள கும்போஜ் என்னும் ஊரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பாவுராவ் பிறந்தார். பாகுபலி மலைக்கு யாத்திரை சென்று வந்த அன்பர்கள் இவ்வூரை அறிந்திருப்பர். தந்தையார் பாயகௌடா பாட்டீல் வருவாய்த் துறையில் எழுத்தர். தாயார் கங்காபாய். தாழ்த்தப்பட்டோர் பொதுக் கிணற்றில் நீர் இறைக்கத் தடுக்கப்பட்டதைக் கண்ட சிறுவர் பாவுராவ், அக்கிணற்றின் உருளையையே உடைத்தெறிந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

உயர்நிலைக் கல்விக்காகக் கோலாப்பூர் சென்ற அவர் அங்குள்ள திகம்பர ஜைன விடுதியில் தங்கிப் பயின்றார். அந்நாளில் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ், கல்வி பெறாத வகுப்பினர் ஒவ்வொருவருக்கும் விடுதி அமைத்து வந்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென 1908ஆம் ஆண்டளவில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அவ்விழாவிற்குப் பாவுராவ் சென்று திரும்பினார். நீராடிய பின்னரே விடுதிக்குள் வருதல் வேண்டும் என்று அங்கிருந்தோர் பணித்தனர். அவர் மறுத்தார். அதனால் விடுதியினின்று நீக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் மூடி மறைத்தல் தகாது. எல்லா உயிர்களிடத்தும் சமநோக்கு வேண்டும் என்று உரைத்த ஜினேந்திரரின் நெறியை அன்று சரியாக உணர்ந்தவர் வெளியேற்றப்பட்ட மாணவரே. அவருக்குச் சாகு மகராஜ் தம் அரண்மனையில் இடம் அளித்தார். பாவுராவின் பள்ளிப் படிப்போ மெட்ரிகுலேஷனை எட்டாமலே நின்றுவிட்டது.

அவ்விடுதியை அந்நாளில் மேற்பார்த்தவர் அண்ணாசாகேப் லட்டே என்னும் ஜைனப் பெரியார் ஆவார். 1914ஆம் ஆண்டில் கோலாப்பூரில் ஆங்கில அரச குடும்பத்தினரின் சிலைக்குத் தார் பூசப்பட்ட வழக்கு எழுந்தது. லட்டேக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூறுமாறு பாவுராவ் வற்புறுத்தப்பட்டார். தம்மை விடுதியினின்று நீக்கியவரைப் பழிவாங்க அதனினும் எளிய வாய்ப்பு வேறில்லை. ஆயினும் அவர் இணங்காது சிறைத் துன்பத்தை ஏற்றார். வாய்மை என்னும் அணுவிரதம் ஏட்டில் படிப்பதற்கு மட்டும் உரியதன்று என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

பின்தங்கிய நாட்டின் நிலை

பின்னர் அவர் ஓகலே கண்ணாடித் தொழிற்சாலைக்கும், கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைக்கும் விற்பனையாளராக ஊர் ஊராகச் சென்றார். சாதாரா மாவட்டத்தின் மேற்கே சஃயாத்திரி மலையில் மழை கொட்டும். கிழக்கே மாண், கடாவ் வட்டங்களோ மழை மறைவில் கிடந்து அடிக்கடி வறட்சியில் வாடும். புதிய கலப்பை நல்லதென்று கண்டும், கணக்கும் எழுத்தும் அறியாத உழவன் கடன்காரன் காட்டிய தாளில் கைந்நாட்டு வைத்து நிலத்தை இழந்தான். உயர்நிலைப் பள்ளிகள் நகரங்களில் மட்டுமே இருந்தன. சிற்றூர்ச் சிறுவன் அங்குச் சென்று பயில வேண்டுமாயின் தங்க இடமில்லை, உண்ணச் சோறில்லை, தாழ்த்தப்பட்டவனாயின் நுழையக் கதவும் இல்லை. நாட்டுப்புறத்திற்குத் தேவையான முதற்கருவி கலப்பையன்று, கல்வியே என்ற முடிவிற்குப் பாவுராவ் வந்தார்.

1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் கராடு நகரை அடுத்த காலே என்னும் சிற்றூரில் ரயத் சிக்ஷண் சம்ஸ்தா என்னும் நிறுவனத்தை அவர் தோற்றுவித்தார். ரயத் என்பது நாம் ரயத்துவாரி என்னும் வழக்கில் அறிந்த அதே சொல்லாகும். குடியானவர் என்று பொருள்படும். ஆலமரத்தையே அந்நிறுவனம் தன் சின்னமாகக் கொண்டது.

ஒரே அடுப்பு, ஒரே பந்தி

1924ஆம் ஆண்டில் சாதாரா நகரில் மாணவர் விடுதி ஒன்றைப் பாவுராவ் தொடங்கினார். சாகு மகராஜின் விடுதிகள் வகுப்புக்கு ஒன்றாக அமைந்தவை. அவற்றால் பயன் பெற்ற பாவுராவ் அதற்கு மேலும் ஓரடி எடுத்து வைத்தார். எல்லா வகுப்புச் சிறுவரும் ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். 1927ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்கு வந்து, மறைந்த மன்னரின் நினைவாகச் சத்ரபதி சாகு விடுதி எனப் பெயர் சூட்டினார்.

இவ்விடத்தில் லட்சுமிபாய் அம்மையாரைப் பற்றிக் கூறாது செல்லல் இயலாது. ஆசாரம் மிக்க ஜைனக் குடும்பத்தில் வளர்ந்த அவர், கணவரின் போக்கைத் தொடக்கத்தில் ஏற்கத் தயங்கினார். பின்னர் அச்சிறுவர்களுக்குத் தாமே தாயானார். விடுதியில் தானியம் தீர்ந்தபோதெல்லாம் அவருடைய நகைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலையாயின. இறுதியில் எஞ்சிய மங்கல நாணையும் விற்றுப் பிள்ளைகளின் பசி தீர்த்தார். 1930ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பாவுராவின் பெயர் நிலைத்ததற்கு இவ்வம்மையாரின் ஈகையே அடிப்படை என்று நாம் துணிந்து கூறலாம்.

விடுதியை நடத்தும் பொருளைப் பாவுராவ் செல்வரிடம் மட்டும் நாடவில்லை. நம் ஊர்களில் பிடியரிசி எடுத்து வைப்பது போல, வீடுதோறும் ஒரு பிடி தானியம் ஒதுக்குமாறு வேண்டினார். உழவர் பணமின்றேல் சோளமும் கம்பும் கொடுத்தனர். அதுவும் இல்லாதார் உடலுழைப்பைக் கொடுத்தனர். மாணவர்கள் தோட்டத்தில் பயிரிட்டனர், கல் உடைத்தனர், தம் விடுதிக் கட்டடங்களுக்குத் தாமே மண் சுமந்தனர். உழைத்துக் கற்றல் என்னும் இம்முறையால் ஏழைச் சிறுவன் பிச்சை பெறுபவனாக இல்லாமல், தன் கல்விக்குத் தானே விலை கொடுத்தவனாகத் தலைநிமிர்ந்து நின்றான்.

ஆசிரியரே முதற்பொருள்

பாவுராவின் நுண்ணறிவை நாம் பெரிதும் வியப்பது அடுத்துவரும் செயலில்தான். பள்ளி என்றவுடன் பலர் கட்டடத்தை நினைப்பர். அவரோ ஆசிரியரை நினைத்தார். நகரத்தில் பயின்றவர் சிற்றூருக்கு வந்தால் மாற்றலாணையை எதிர்நோக்கியே நாள் கழிப்பர். ஆகவே சிற்றூரில் பிறந்தவரையே ஆசிரியராக்கிச் சிற்றூருக்கே அனுப்புதல் வேண்டும் எனக் கருதி, 1935ஆம் ஆண்டில் சாதாராவில் கிராம ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1942ஆம் ஆண்டில் பெண்களுக்கென ஜிஜாமாதா ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பயிற்சி பெற்றோர், பள்ளியே கண்டிராத ஊர்களுக்குச் சென்றனர். கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் வகுப்பு நடத்தினர். இவ்வாறு சம்ஸ்தா நடத்திய தொடக்கப் பள்ளிகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டன. ஆசிரியப் பணியில் பயிற்சி பெற்று, அதிலேயே வாழ்நாளைக் கழித்த நமக்கு, நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் ஊரே பள்ளியாகும் என்னும் உண்மை புதிதன்று. ஆயினும் அவ்வுண்மையின்மீது ஒரு மாவட்டத்தின் கல்வியையே எழுப்பியவர் அவர்.

தொடக்கப் பள்ளியில் தேறிய சிறுவர் மேலே பயில இடம் வேண்டுமன்றோ? 1940ஆம் ஆண்டில் உழைத்துக் கற்கும் முறையில், கட்டணமின்றித் தங்கிப் பயிலும் மகராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளி சாதாராவில் எழுந்தது. அதில் தேறியோர்க்காக 1947ஆம் ஆண்டில் சத்ரபதி சிவாஜி கல்லூரியும், 1954ஆம் ஆண்டில் கராடு நகரில் சத்குரு காட்கே மகராஜ் கல்லூரியும் தோன்றின. உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டபோது, 1955ஆம் ஆண்டில் சாதாராவில் ஆசாத் கல்வியியல் கல்லூரி அமைந்தது. விடுதி, ஆசிரியர், பள்ளி, கல்லூரி, மீண்டும் ஆசிரியர் என ஒன்று மற்றொன்றை ஈன்ற வரிசையை வாசகர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். வெளியிலிருந்து வந்த கல்வியாக அது இல்லை. விழுதூன்றிய ஆலமரம் போல அம்மண்ணிலேயே வேர் கொண்டது.

சோதனையும் சிறப்பும்

காந்தியடிகள் மறைந்தபின், அவர் நினைவாக 101 உயர்நிலைப் பள்ளிகள் திறப்பதெனப் பாவுராவ் உறுதி பூண்டார். அக்காலத்தில் அரசுடன் கருத்து வேறுபாடு நேர்ந்து, சம்ஸ்தாவிற்குரிய மானியம் நிறுத்தப்பட்டது. பிற நிறுவனமாயின் கதவடைத்திருக்கும். சிற்றூர் மக்களோ தம் பள்ளி என்ற உரிமையுடன் பொருள் திரட்டிக் காத்தனர். மானியமும் பின்னர் மீண்டது. ஒரு பிடி தானியம் கொடுத்தவன் அப்பள்ளியை ஒருநாளும் அழிய விடான் என்பது அன்று மெய்யாயிற்று.

மெட்ரிகுலேஷன் தேறாத அப்பெரியாருக்கு 1959ஆம் ஆண்டில் புனே பல்கலைக்கழகம் இலக்கிய முனைவர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டே இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. மக்கள் அவருக்குச் சூட்டிய கர்மவீரர் என்னும் பெயரே இவற்றினும் நிலைத்தது. 1959ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அவர் மறைந்தபோது, சம்ஸ்தாவின் உயர்நிலைப் பள்ளிகள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தன. 2019ஆம் ஆண்டில் நூறாண்டு நிறைவு கண்ட அந்நிறுவனத்திற்கு எழுநூற்றுக்கு மேற்பட்ட கிளைகள் உள்ளன. சாதாராவில் அதன் மூன்று கல்லூரிகளை இணைத்து, 2021ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஒரு பல்கலைக்கழகமும் அமைந்தது.

நாம் கொள்ள வேண்டுவது

பள்ளி என்னும் சொல் நம் முனிவர்கள் உறைந்த இடத்தைக் குறித்தது என்று நாம் பெருமையுடன் கூறிக் கொள்கின்றோம். அப்பெருமை பழங்கதையாக நின்றுவிடலாகாது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனப் பகுதிகளில் உழுதுண்டு வாழ்ந்த குடியானவர் மரபே நம் மரபு. கற்று உயர்ந்த நம் பிள்ளைகள் நகரங்களில் வாழ்கின்றனர். பிறந்த ஊரின் ஜினாலயத் திருப்பணிக்குத் தவறாது பொருள் அனுப்புகின்றனர். அது நற்செயலே. அவ்வூர்ப் பள்ளிக்கு ஒரு பிடியேனும் அனுப்புகின்றோமா என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும். அதன் பயன் நம் வகுப்பு மாணவர் அளவில் நின்றுவிடாமல், ஊரிலுள்ள எல்லாச் சிறுவர்க்கும் எட்டுமாயின் அதுவே முழுமையான சாஸ்திர தானம். ஜைன விடுதியினின்று நீக்கப்பட்ட மாணவர் ஒருவர் எல்லார்க்கும் விடுதி அமைத்து நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவேயாகும்.

வாழ்க ஜினதர்மம்! வளர்க கல்வி!