பாரமகாலில் மன்றோ துரை



கிருஷ்ணகிரி மலைக்கோட்டையையும் இராயக்கோட்டையையும் பார்க்கும்பொழுது, போர் புரிந்த அரசர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். அக்கற்சுவர்களின் நிழலில், தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்த குடும்பங்களை யார் நினைக்கிறோம்? அவர்களுடைய துயரத்தை ஒருசமயம் சபையறியச் சொன்ன துரையொருவரின் சரித்திரத்தை இவ்வாரம் வாசியுங்கள். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் உண்மை யார் வாயிலிருந்து வந்தாலும் உண்மைதானே.

தாமஸ் மன்றோ 1761-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் புகையிலை வர்த்தகர். அமெரிக்க யுத்தத்தால் அவர் வியாபாரம் நொடித்துப்போகவே, மகன் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780-ல் சென்னை வந்து இறங்கினார். ஐதர் அலியோடும் திப்புவோடும் நடந்த யுத்தங்களில் சேவித்தார்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் சீமை கம்பெனியார் வசமாயிற்று. (நம் ஓசூர்ப் பக்கம் அவர்கள் கைக்கு வந்தது திப்பு மாண்ட 1799-ல்தான்.) கர்னல் ரீடு என்பவரின் உதவியாளராக மன்றோ நியமனம் பெற்று, தருமபுரியில் ஏழு வருஷம் வசித்தார். இடைத்தரகரின்றிக் குடியானவனோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாயிற்று. ஊர் ஊராய்க் கூடாரமடித்து நிலம் அளந்தார்கள். ஓய்ந்த நேரத்தில் மன்றோ தோட்டம் போட்டார். 1799-ல் மாற்றலாகிப் போகையில், பழைய சிநேகிதனைப் பிரிவது போல அத்தோட்டத்தைப் பிரிய வருந்தினாராம்.

இனி நெசவாளர் விஷயத்துக்கு வருவோம். 1813-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்குமுன் லண்டன் பார்லிமெண்டு விசாரணை நடத்தியது. அங்கே மன்றோ சாட்சியாக நின்றார். பாரமகாலில் முக்கிய நெசவாளரைக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் ஒன்றுகூட்டி, கம்பெனிக்கு மட்டுமே துணி தருவதாக ஒப்பந்தம் செய்யும்வரை அவர்களைக் காவலில் வைத்ததை மறைக்காமல் சொன்னார். முன்பணம் வாங்கியவன் மீள்வது அருமை. துணி தாமதித்தால் வீட்டுவாசலில் ஒரு சேவகன். அவன் கூலி நாளுக்கு ஓரணா நெசவாளன் தலையில். அபராதத்துக்காகப் பித்தளைப் பாத்திரங்களையும் எடுத்துச் சென்றார்களென்று அதே விசாரணையில் வெளிவந்தது. சோறு வடிக்கும் பாத்திரம் போன வீட்டின் நிலையை, நம் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சொன்னவர் அதே கம்பெனியின் சம்பளக்காரர் என்பதைக் கவனியுங்கள். வரி வசூலிப்பதில் அவரும் இளகியவரல்லர், அதையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி சொன்னதால் தறிகள் பிழைத்துவிடவுமில்லை. சீமையில் இயந்திரத்தில் நெய்த துணி பின்னர் வந்து குவிந்தது.

1820-ல் மன்றோ சென்னைக் கவர்னரானார். அவர் காலத்தில், 1824-ல், ஓசூரை அடுத்த மத்திகிரியில் பட்டாளத்துக் குதிரைகளுக்காகப் பண்ணை ஏற்பட்டது. அதுவே இன்று நாம் அறிந்த கால்நடைப் பண்ணை. 1827-ல் தாய்நாடு திரும்புமுன், தாம் முன்பு ஆண்ட கடப்பை, பல்லாரிச் சீமைகளிலுள்ள குடிகளிடம் விடைபெறப் போனவர், ஜூலை 6-ந் தேதி பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். கூத்தியில் அடக்கமான உடலைப் பிற்பாடு சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

சென்னைத் தீவுத்திடலருகே அங்கவடியில்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அவருடையதே. தருமபுரியிலும் அவர் நினைவாக ஒரு தூண் உண்டு. சேலத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் வழியில் இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.