மதீனாவில் வளர்ந்ததாகச் சொன்னவர்: கலியோஸ்த்ரோவின் கதை

1786 பிப்ரவரியில் பாரிஸ் மக்கள் ஒரு சிறு நூலை வாங்க முண்டியடித்தார்கள். பாஸ்தீல் சிறையில் இருந்த ஒருவர் தம் தரப்பை விளக்கி, வழக்கறிஞர் மூலம் வெளியிட்ட வாக்குமூலம் அது. கலியோஸ்த்ரோ பிரபு என்று ஐரோப்பா அவரை அறிந்திருந்தது. அதில் அவர் சொன்ன வாழ்க்கைக் கதையைப் படித்தால் நாமும் நிமிர்ந்து உட்காருவோம். பிறந்த ஊரும் பெற்றோரும் அவருக்கே தெரியாதாம். அஷாரத் என்ற பெயருடன் மதீனாவில் முஃப்தி சலாஹைமின் மாளிகையில் வளர்ந்தாராம். அல்தோத்தாஸ் என்ற ஞானி அவருக்கு மருத்துவமும் கீழை மொழிகளும் கற்றுத் தந்தாராம். 12 வயதில் மக்கா சென்று ஷரீஃபின் அரவணைப்பில் 3 ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு எகிப்துக்குப் போய் பிரமிடுகளின் இரகசியங்களை அறிந்துகொண்டாராம்.

அல்தோத்தாஸ் என்ற பெயரில் முன்னால் ஒரு 'அல்' ஒட்டியிருப்பதைத் தவிர அரபி எதுவும் இல்லை. சலாஹைமும் அப்படித்தான். மதரஸாவில் இரண்டு வருடம் ஓதிய பிள்ளைகூட முகம் சுளித்திருக்கும். ஆனால் அன்றைய பாரிஸில் அரபி அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆயிரத்தொரு இரவுகள் பிரெஞ்சில் வந்ததிலிருந்து கிழக்கு நாடுகள் என்றாலே அங்குள்ளவர்களுக்கு ஒரு மயக்கம். போதாக்குறைக்கு, அன்று இரண்டு புனித நகரங்களுக்கும் முஸ்லிமல்லாதவர் போய் விசாரித்து வர முடியாத நிலை இருந்தது. பொய்க்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்குமா?

உண்மையில் அவர் ஜுசெப்பே பல்சாமோ. 1743 ஜூன் மாதம் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சீக்கிரமே இறந்துவிட்டார். நோயாளிகளைக் கவனிக்கும் துறவிகளின் மடம் ஒன்றில் சிறுவனைச் சேர்த்தார்கள். அங்கே மருந்து தயாரிப்பவரிடம் கொஞ்சம் கைப்பழக்கம் கிடைத்தது. பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது அந்தக் கைப்பழக்கமே. மடத்தில் நிலைக்காமல் ஊர் திரும்பியவர், பிறர் கையெழுத்தையும் படங்களையும் அச்சு அசலாக வரைவதில் தேர்ந்தார். மரானோ என்ற பொற்கொல்லரிடம், பேய்கள் காவல் காக்கும் புதையல் இருப்பதாகச் சொல்லி 60-க்கும் மேற்பட்ட பொற்காசுகளைக் கறந்தார். இரவில் தோண்டப் போன மரானோவைப் 'பேய்கள்' அடித்துத் துவைத்தன. அடித்தது கூலியாட்கள் என்று மரானோவுக்குப் புரிந்தபோது பல்சாமோ ஊரில் இல்லை.

இந்த இளமைக் கதைகளில் பலவற்றை, பின்னாளில் அவரைத் தண்டித்த ரோமாபுரி விசாரணை மன்றமே 1791-ல் நூலாக வெளியிட்டது. எதிராளியின் சாட்சியம் என்பதால் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள நமக்குத் தயக்கம் உண்டு. அவர் பல்சாமோவே அல்ல என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் ஜெர்மானியக் கவிஞர் கதே 1787-ல் பலெர்மோ சென்று, தம்மை ஓர் ஆங்கிலேயர் என்று சொல்லிக்கொண்டு பல்சாமோவின் தாயையும் சகோதரியையும் நேரில் பார்த்தார். தாய்க்கு மகனைப் பற்றி ஏதாவது செய்தி கிடைத்தால் போதும் என்றிருந்தது. விதவையான சகோதரி, பிள்ளைகளோடு வறுமையில் இருந்தார். அண்ணன் அடகு வைத்த பொருட்களைத் தாம் மீட்டுக் கொடுத்ததையும், அந்த வகையில் அவர் 14 பொற்காசு தமக்குத் தர வேண்டியிருப்பதையும் சொன்னார். கதே பின்னர் தம் நாட்டிலிருந்து அவர்களுக்குப் பணம் அனுப்பினார். அண்ணனோ அப்போது பிரபுவாக ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

1768-ல் ரோமில் லொரென்சா என்ற இளம்பெண்ணை மணந்தார். கைப்பிடித்தவளின் அழகையே முதலாக்கினார். பணக்காரர்களை அவளிடம் பழகவிட்டுப் பிழைப்பு நடத்தினார். பாரிஸில் அவள் வேறொருவருடன் போனபோது, தாமே புகார் கொடுத்து அவளைச் சிறையில் தள்ளினார். பிறகு மீண்டும் சேர்ந்துகொண்டார்கள். மந்திரக்காரர் கதை சொல்பவர்கள் இந்தப் பெண்ணை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

1777-ல் லண்டனில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்ததோடு அவருடைய நிலை மாறியது. எகிப்திய முறை என்று தாமே ஒரு சடங்கு வழியை உருவாக்கி, அதற்குத் தம்மைத் தலைவராக்கிக்கொண்டார். 40 நாள் தனிமையில் பத்தியம் இருந்து, இரத்தம் எடுத்து, தம் சொட்டு மருந்தைக் குடித்தால் பழைய பல்லும் முடியும் தோலும் உதிர்ந்து புதிதாக முளைக்குமாம். இப்படியே செய்துவந்தால் 5557 வயது வரை வாழலாமாம். சிறுவர் சிறுமியரைத் தண்ணீர்க் குடுவையை உற்றுப் பார்க்க வைத்து, வானவர்கள் தெரிவதாகச் சொல்ல வைப்பார். நம் பக்கம் பிள்ளைகளின் கையில் மை தடவிப் பார்க்க வைக்கும் அதே வேலைதான்.

1779-ல் கூர்லாந்து நாட்டின் மித்தாவ் நகரில் எலிசா என்ற சீமாட்டி அவரிடம் மனதைப் பறிகொடுத்தார். அன்புச் சகோதரனை இழந்திருந்த எலிசாவுக்கு இறந்தவனோடு ஒருமுறையாவது பேச வேண்டும். அந்த ஏக்கம்தான் கலியோஸ்த்ரோவுக்குக் கைப்பிடி. ஆனால் எலிசா பிறகு விழித்துக்கொண்டார். தாம் ஏமாந்த விதத்தை மறைக்காமல் 1787-ல் நூலாகவே வெளியிட்டார். ரஷ்யப் பேரரசி கேத்தரின் அதை மொழிபெயர்க்கச் செய்தார். மேல்தட்டுப் பெண் ஒருவர் தம் ஏமாளித்தனத்தை ஊரறியச் சொல்வது அன்று லேசான காரியமல்ல.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக் காலத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். 1780 முதல் அங்கே ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். வாசலில் கூட்டம் நெரிந்தது. குணமானோம் என்று சொன்னவர்கள் பலர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கர்தினால் ரோஹான் அவரிடம் வந்தார். ஏழையிடம் வாங்காததைக் கர்தினாலிடமிருந்து வாங்கிக்கொண்டார் என்பது மறுபக்கம்.

ரோஹானின் நட்பே வினையாயிற்று. 16 இலட்சம் லிவர் மதிப்புள்ள வைர மாலையை, அரசி மேரி அன்டோனெட்டின் பெயரைச் சொல்லி ஜான் தெ லா மோத் என்ற பெண் ரோஹான் மூலம் அபகரித்தாள். 1785 ஆகஸ்டில் கலியோஸ்த்ரோவும் மனைவியும் கைதானார்கள். அந்த மோசடியில் அவருக்குப் பங்கில்லை. 1786 மே 31 அன்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆயினும் மன்னர் அவரை நாடு கடத்தினார்.

லண்டன் சென்றவரை மொராந்த் என்ற பத்திரிகையாளர் துருவினார். மிரட்டிப் பணம் பறிப்பதில் பெயர் போனவர் அவர். ஆனாலும் பல்சாமோ என்ற பெயரை அம்பலத்துக்குக் கொண்டுவந்தார். கலியோஸ்த்ரோ சொன்னதாக அவர் எழுதிய ஒரு செய்தி நமக்கு முக்கியமானது. மதீனாவாசிகள் பன்றிகளுக்குப் பாஷாணம் ஊட்டிக் கொழுக்க வைத்து, காட்டில் விடுவார்களாம். அவற்றைத் தின்று சிங்கமும் புலியும் சாகுமாம். மதீனாவில் பன்றி வளர்ப்பு! பாலைவன நகரைச் சுற்றிப் புலிக்காடு! மொராந்த் பாஷாணத்தைத்தான் கேலி செய்தார். மதீனத்து வீடுகளில் பன்றி ஏது என்ற கேள்வி இரு தரப்புக்கும் தோன்றவில்லை. கலியோஸ்த்ரோ அதை மறுக்கவுமில்லை. பாஷாணம் ஊட்டிய பன்றிக்குட்டியை இருவரும் சேர்ந்து சாப்பிடலாம் வா என்று பத்திரிகையிலேயே சவால் விட்டார். மொராந்த் வரவில்லை.

பிறகு இறங்குமுகம்தான். 1789-ல் மனைவியின் ஊரான ரோமுக்குத் திரும்பினார். ஃப்ரீமேசன் சங்கத்தைப் போப்பாண்டவர்கள் தடை செய்திருந்த இடத்திலேயே தம் எகிப்திய முறைக்கு ஆள் சேர்க்கப் பார்த்தார். டிசம்பர் 27 அன்று கைதானார். விசாரணையில் லொரென்சா கணவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவர் பட்டதை அறிந்தவர்கள் அதைத் துரோகம் என்று சொல்லமாட்டார்கள். 1791 ஏப்ரலில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. மரானோவின் பொற்காசுகளுக்காகவோ எலிசாவின் கண்ணீருக்காகவோ அல்ல, மதக் குற்றத்துக்காகவே அந்தத் தீர்ப்பு.

மலையுச்சியில் இருக்கும் சான் லியோ கோட்டையில், கூரைத் துவாரம் வழியாக மட்டுமே ஆளை இறக்கக்கூடிய ஓர் அறையில் அடைத்தார்கள். கம்பிகள் அடுக்கிய ஒரே சன்னல். 1795 ஆகஸ்ட் 26 அன்று, 52-வது வயதில் அங்கேயே இறந்தார். சமயச் சடங்கு எதுவும் இன்றிப் புதைத்தார்கள். லொரென்சாவை ரோமில் ஒரு கன்னிமாடத்தில் வைத்திருந்தார்கள். அவர் வெளியே வரவேயில்லை.